கை நனைக்காத கூட்டம்

விடிந்து வெயில் ஏறுவதற்குள் சண்முகப்பிரியா ஊரின் பாதி வரப்புகளை நடந்து தீர்த்திருந்தாள். எந்த மரவள்ளிச் செடியின் முன்னாலும் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. ஒரு கொழுந்தைப் பிடித்து வளைத்துப் பார்ப்பாள். அது சுருண்டு முடிச்சாகி, மேலே மாவு தூவியது போல வெள்ளை படர்ந்திருக்கும். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். அதுவும் அப்படித்தான் இருக்கும். மாவுப்பூச்சி. ஆனால் பூச்சியைப் பார்க்க அவள் வரவில்லை. பூச்சியை அழிக்கக் கொண்டுவந்து விட்ட குளவி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள்.

கொட்டுகிற குளவி இல்லை அது. எறும்பில் பாதிகூட இருக்காது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கிவிட்டு வெளியே வரும். ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து, டப்பாக்களில் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். பங்குனி கடைசியில் ஊரின் மரவள்ளிக் காடுகளில் அந்த டப்பாக்களைத் திறந்துவிட்டவளே அவள்தான். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. குளவி பெருகி வேலையை முடிக்கும்வரை யாரும் மருந்து அடிக்கக் கூடாது. ஒருவர் அடித்தாலும் காற்று அதை நாலு காட்டுக்குக் கொண்டுபோய்விடும். பூச்சி தன் மாவுக்கு அடியில் ஒளிந்து பிழைத்துக்கொள்ளும். குளவி செத்துப்போகும்.

பெரியவர் சின்னண்ணனின் காட்டு மேற்கு மூலைக்கு வந்தபோது மூக்கில் ஏறியது. மருந்து வாடை. அடித்து ஒரு நாள் ஆகியிருந்தால் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காற்று திசை மாறியது. வாடை போகவில்லை. ஆண்டி என்பவரின் காடு இருந்த எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே வாடை வந்தது. அதன்பிறகுதான் அவள் வரப்பில் உட்கார்ந்தாள். ஒருத்தர் மட்டும் என்றால் சண்டை போட்டுவிடலாம்.

சேந்தமங்கலத்திலிருந்து மலைப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருந்த அந்த ஊரின் மரவள்ளிக்காரர்கள் சேர்ந்து உழவர் நிறுவனம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். கணவன் லாரியில் போய்விடுவதால் காட்டைத் தானே பார்க்கிறவள், படித்தவள், எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவள் என்று சண்முகப்பிரியாவைத் தலைவியாக்கினார்கள். நிறுவனத்துக்கு வழிகாட்ட நாமக்கல்லில் ஒரு தொண்டு அமைப்பு இருந்தது. அதன் அலுவலர் மோகன்குமார் மாசியில் வந்து ஒரு நாள் பயிற்சி நடத்தினார். உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே கனவு இருந்தால்தான் நிறுவனம் நிற்கும் என்றார். அதற்குப் பெயர் தொலைநோக்கு. ஆளுக்கொரு வண்ண அட்டை கொடுத்து, பத்து வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். சின்னண்ணன் 'மழை' என்று ஒரே சொல் எழுதிக் கொடுத்தார். மோகன்குமார் அட்டைகளை இனம் பிரித்துச் சுவரில் ஒட்டியபோது அந்த அட்டை எந்த இனத்திலும் சேராமல் தனியாகத் தொங்கியது. கடைசியில் அவரே ஒரு வரி கட்டினார். 'நஞ்சில்லா மண், நலமான கிழங்கு, தலைநிமிர்ந்த உழவர்.' அது விளைச்சலை அடுக்கும் கிட்டங்கிச் சுவரில் பச்சை எழுத்தில் ஏறியது.

குளவித் திட்டத்துக்குச் சம்மதம் கேட்டதும் அதே நாளில்தான். அதற்கென்றே சண்முகப்பிரியா பந்தல் போட்டு, வெள்ளாட்டுக்கறி எடுத்து, ஊரையே உட்கார வைத்துச் சோறு போட்டாள். கடைசிப் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது கேட்டாள். "யாரும் மருந்து அடிக்கப்படாது. சம்மதமுங்களா?" ஒரு கைகூட மிச்சமில்லாமல் எல்லாக் கையும் மேலே போனது. மோகன்குமார் படம் எடுத்தார். அன்றைக்கு அவளுக்கு வந்த மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்தக் கைகளை நினைத்தபடி வரப்பில் உட்கார்ந்து, ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி நாசம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாமக்கல்லுக்குப் போனாள். டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது மோகன்குமாரின் அலுவலகம். அவள் சொன்னதைக் கேட்டு அவர் நாற்காலியில் முன்னும் பின்னுமாக அசைந்தார்.

"இன்னொரு தடவை டப்பா கேட்டுப் பாக்கறேன் மேடம். வைகாசில தருவாங்க. ஆனா அதுதான் கடைசி. அதும் செத்துப்போச்சுன்னா வேற ஊருக்குக் குடுத்துருவாங்க. மறுக்கா நம்ம பக்கம் திரும்ப மாட்டாங்க."

"அப்ப காடு போனது போனதுதானுங்களா சார்?"

"காடு மட்டுமா? கம்பெனியும்தான். இதுல சேராத ஊரு நாளைக்கு எதுல சேரும்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தொலைநோக்கு சரியா உள்ள எறங்கலைன்னு நெனைக்கறேன். ஒரு மறுபயிற்சி வெச்சரலாம். கையை முன்னால நீட்டி உறுதிமொழி எடுக்க வெக்கலாம். சட்டையில குத்திக்கறதுக்கு ஒரு பேட்ஜ் அடிச்சாலும் நல்லா இருக்கும்."

"ம்."

"சாப்பாடு நீங்க பாத்துக்குவீங்கள்ல? போன தடவக் கொழம்பு இன்னும் நாக்குலயே நிக்குதுங்க மேடம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க முடியவில்லை. உறுதிமொழி எடுக்க வைக்கலாம். எடுப்பார்கள். கையை முன்னால் நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள். மறுநாள் காலையில் அதே கை மருந்து கலக்கும். ஏன் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. இவர்கள் பொய் சொல்கிற சனம் இல்லை. வாய்ச்சொல்லை நம்பிக் காட்டையே எழுதிக் கொடுக்கிறவர்கள்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போனாள். முதலில் சின்னண்ணன். அவள் மாமனாருக்குப் பங்காளி. டிராக்டரின் அடியில் பாதி உடம்பை நுழைத்து என்னமோ முடுக்கிக்கொண்டிருந்தவர், அவள் குரல் கேட்டு வெளியே வந்தார்.

"மாமா, மருந்து அடிச்சீங்களா?"

"நானா? அம்மிணி, என்ற காட்டுல கொசுகூட இப்ப நிம்மதியாத் தூங்குது."

"வாடை வருதுங்களே."

"அது ஆண்டி காட்டுல இருந்து வாரது. அவன் ஆளு நல்லவன், மருந்துதான் கெட்டது." சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "அம்மிணிக்கு மோர் கொண்டா" என்றார்.

ஆண்டி வீட்டில் காப்பி வந்தது. "நம்ம மூக்கை நம்பப்படாதுங்க பிரியா. அது சின்னண்ணன் காட்டு வாடை" என்றார் ஆண்டி. ரோட்டோரக் காட்டுக்காரி சித்ரா வீட்டில் முறுக்கும் காப்பியும் வந்தது. "நானே ஆளைக் காணோம், கூலியைக் காணோமுன்னு கெடக்கறேன். நான் எங்கக்கா அடிக்கறது" என்றாள் சித்ரா. போன இடத்திலெல்லாம் நாற்காலி போட்டார்கள், காற்றாடியை இவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். குடித்த காப்பிக்கு அளவில்லை. கேட்ட உண்மை ஒன்றும் இல்லை. வயிறு புளித்துப் போய் வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் லாரி நின்றது. கணவன் கந்தவேல் வந்திருந்தான். முட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்புவதற்கு வாரம் தாண்டும். அவன் குளித்துவிட்டுத் துண்டோடு சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து நனைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

டீசல் வாடை பழகிய வாடை. அதற்கு மேலே வேறொன்று இருந்தது.

சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சட்டையைப் பார்த்தான். சோற்றைப் பிசைகிற கை நின்றது. வெளியே ரோட்டில் ஒரு வண்டி கியர் மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

"இன்னைக்கு மத்தியானமே வந்துட்டேன்" என்றான் கந்தவேல். "நீ நாமக்கல் போயிருந்தே. காட்டைப் போய்ப் பாத்தேன். கெணத்தடிப் பக்கம் நாலு சாலு அடிச்சேன்."

"நீங்களுமா?"

"ஆமா, நானும்தான்."

"கைதூக்குனீங்களே. முன்வரிசையில உக்காந்து தூக்குனீங்களே."

"தூக்குனேன். என்ன பண்ணச் சொல்றே? கறிச்சோறு போட்டு, கை ஈரம் காயறதுக்கு முன்னால வந்து கேக்கறே. அந்த நேரத்துல எவன் புள்ள மாட்டேன்னு சொல்லுவான்?" அவன் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "பொண்ணு பாக்கப் போறோம். பேச்சு முடியறதுக்கு முன்னால அந்த ஊட்டுல கை நனைக்கறமா? ஒரு வாய் காப்பி குடிக்கறமா? ஏன்? குடிச்சுப்போட்டா அப்பறம் வேண்டாம்னு சொல்ல வாய் வராது. அதுக்குத்தான். நீ ஊரு பூராத்துக்கும் மொதல்ல கையை நனைக்க வெச்சுட்டே. அப்பறம் கேட்டே. கேட்டதுக்கு மருவாதியா கையைத் தூக்கிப்போட்டு வந்தோம்."

அவள் சட்டையைத் திண்டில் வைத்துவிட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு என்னங்க கொறை? நம்ம காடு நான் பாக்க மாட்டனா?"

கந்தவேல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வாரதே எப்பவோ ஒருக்கா. வந்து பாத்தா செடி வெள்ளவெளேருன்னு செத்துக் கெடக்குது. சும்மா நில்லுன்னு சொல்றே. சும்மா நிக்கறதுக்கு நான் எதுக்கு? எதையாவது கையில எடுத்து அடிச்சாத்தான் நானும் இந்தக் காட்டுக்காரன்னு தோணுது."

அதற்குமேல் அவன் சாப்பிட்டான், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மணமான இத்தனை வருஷத்தில் அவன் இப்படி ஒன்று சொல்லி அவள் கேட்டதில்லை. அவளாகவும் ஒருநாள் அவனைக் கேட்டதில்லைதான்.

படுத்தும் தூக்கம் பிடிக்காமல் அவள் மனம் மாசிக் கூட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாரும் கை நனைத்தார்கள். எல்லாரும்தானா? பின்பக்கக் குழாயடி நினைவுக்கு வந்தது. அங்கே அண்டா கழுவிக்கொண்டிருந்தாள் மாரக்காள். குத்தகைக்கு ஒரு துண்டுக் காடு ஓட்டுகிறவள், கூலிக்கும் போகிறவள். அவளும் நிறுவனத்தில் உறுப்பினர்தான். ஆனால் விருந்து என்றால் பாத்திரத்துக்கு மாரக்காளைக் கூப்பிடுவது ஊர் வழக்கம். அன்றும் கூப்பிட்டார்கள். பந்தியில் அவள் உட்காரவே இல்லை. கைதூக்குகிற நேரத்தில் அவள் கை அண்டாவுக்குள் இருந்தது. சண்முகப்பிரியா தண்ணீர் பிடிக்கப் போனபோது மாரக்காள் தலையைத் தூக்காமல் சொன்னாள். "என்னால முடியாதுங்க அம்மிணி. நான் அடிப்பேனுங்க." அதற்கு இவள் சிரித்துவிட்டு, "அதெல்லாம் பழகிரும் மாரக்கா, அந்த அண்டாவைக் கவுத்து வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் படம் எடுக்கிற இடத்துக்கு ஓடிவந்தாள்.

ஊரிலேயே ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள். அதுவும் காதில் விழவில்லை. சண்முகப்பிரியா எழுந்து உட்கார்ந்தாள்.

வைகாசி பிறந்ததும் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பினாள். கிட்டங்கியில் கூட்டம், சோறு கிடையாது, காப்பி கிடையாது, பேசி முடியும்வரை தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது என்று வாய்விட்டே சொல்லச் சொன்னாள். ஊர் வாயில் அது படாத பாடு பட்டது. தலைவி ஆனதும் கை சுருங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்த உறம்பரைக்கு ஒரு வாய் காப்பி தராத வீட்டில் பெண் எடுத்தது கந்தவேலின் தலையெழுத்து என்றார்கள். மோகன்குமார் போனில், "மேடம், அப்ப ஆளு வருமா?" என்று கேட்டார். அவளுக்கும் அதே பயம்தான். கூட்டத்துக்கு முந்திய இரண்டு நாளும் நகத்தைக் கடித்தே தீர்த்தாள். எடுத்த காரியம் எதையும் முடிக்காமல் அடுத்ததைத் தொட்டாள்.

வந்தார்கள். கோபத்தில்தான் பாதிப்பேர் வந்தார்கள். மின்சாரம் இல்லை. தகரக் கூரைக்கு அடியில் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழுவப் பாத்திரம் இல்லாததால் மாரக்காளும் உள்ளே வந்து, கதவோரமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சண்முகப்பிரியா எழுந்தாள். என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை குளவி குடுக்கறாங்க. இதோட சரி, இனிமேல் குடுக்க மாட்டாங்க. ஒருத்தர் அடிச்சாலும் மொத்தமும் போயிரும். இன்னைக்கு நான் யாரையும் கையைத் தூக்கச் சொல்லப்போறதில்லைங்க. யாரால முடியாதோ அவங்க மட்டும் சொல்லுங்க. ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் பதில் பேச மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

துண்டு விசிறுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ தூரத்தில் போர் போடும் ரிக் வண்டி பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. மோகன்குமார் இரண்டு தடவை வாயைத் திறக்கப் போனார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்கே எழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று கால் பரபரத்தது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எளவூட்டுலகூடப் பொணத்தை எடுத்ததும் காப்பி குடுப்பாங்க அம்மிணி" என்றார் சின்னண்ணன். "இங்க எப்ப எடுக்கறீங்க?"

சிரிப்பு எழுந்தது. சீக்கிரமே அடங்கியது. அவரவர் தரையைப் பார்த்தார்கள். பிறகு கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"நான் அடிச்சேனுங்க" என்றாள் மாரக்காள். "போன தடவையும் அடிச்சேன். இந்தத் தடவையும் அடிப்பேன். பூச்சி சாகறதுக்கு இல்லீங்க. காட்டுக்காரர் நாமக்கல்ல இருக்கறாரு. ஞாயித்துக்கெழமை ஆனா வண்டில வந்து ரோட்டுல நின்னு பாப்பாரு. கொழுந்து வெள்ளையா இருந்தா, 'ஏம்மா, பாக்க முடியலைன்னா சொல்லு, வேற ஆளுக்கு உட்டரலாம்'பாரு. அவரு வர்ற அன்னைக்குக் காலைல மருந்து வாடை அடிக்கோணும். அவருக்கோசரம் அடிக்கற மருந்துங்க அது."

"அப்ப என்ற காட்டுக் குளவி செத்தது உன்னாலதானா?" என்று சித்ரா சீறினாள்.

"உங்க காட்டுல நீங்க அடிக்கலீங்களா? கலக்கறதுக்குத் தண்ணி செமந்து ஊத்துனது நான்தானுங்களே."

ஆண்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே, "என்ற காட்டுக்கும் அவதான் ஊத்துனா" என்றார். அதோடு அணை உடைந்தது. சித்ரா முகம் சிவந்து, ரோட்டில் போகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் வண்டியை நிறுத்தி, 'புருசன் போனதும் காட்டை உட்டுட்டா' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அந்த வாயை அடைக்கத்தான் அடித்தேன் என்றாள். ஆண்டியின் மகன் திருப்பூரிலிருந்து தினமும் போன் பண்ணி, அடித்தாயா அடித்தாயா என்று உயிரை எடுக்கிறான். கந்தவேல் எழுந்து நின்று, தான் அடித்ததையும் அடித்த காரணத்தையும், வீட்டில் சொன்ன அதே சொற்களில் சொன்னான். சொல்லும்போது மனைவியைப் பார்க்கவில்லை. ஒருத்தர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் அதில் தங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பச்சை எழுத்துத் தொலைநோக்கு அவர்கள் தலைக்குமேல் சும்மா இருந்தது.

சின்னண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "என்ற கதை வேற" என்றார். "மொத மொத இந்தப் பூச்சி வந்த வருசம், பொறுங்க, மழை வந்தாச் செரியாயிரும்னு ஆபீசர் சொன்னாரு. பொறுத்தேன். காடு பூராவும் புடுங்கி எரிச்சேன். எரியறதைப் பாத்துட்டு நின்னேன். மறுபடி கையைக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு ஆகாது. நான் அடிப்பேன். அம்மிணி, உன்ற மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்."

அவர் காடு ஊருக்கு நட்ட நடுவில் இருந்தது. அவர் அடித்தால் மற்றவர்கள் அடிக்காததில் அர்த்தம் இல்லை. எல்லாரும் சண்முகப்பிரியாவைப் பார்த்தார்கள். பதில் பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். பேசவில்லை. அன்றைக்கு மேலே போன அத்தனை கைகளையும்விட இந்த ஒரு மறுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் போல அவளுக்கு இருந்தது.

ஆண்டிதான் கேட்டார். "சரி, அடிக்காம நிக்கறோம்னே வெய்ங்க. மொத்தமாப் போச்சுன்னா? தையில தண்டை வெட்டி நடறதுக்கு எனக்கு வெதைக்குச்சி ஏது?"

"என்ற காட்டுல நின்னா வெட்டிக்குங்க" என்றான் கந்தவேல்.

"உன்றது போனா?"

"உங்க காட்டுல வெட்டிக்கறேன்."

"ரெண்டும் போனா?"

"ரெண்டு பேருமாச் சேந்து சித்ரா காட்டுல திருடிக்கலாம்."

"நாய் கட்டியிருக்கறேன், பாத்து வாங்க" என்றாள் சித்ரா.

சிரிப்புக்கு நடுவே அது ஒரு பேச்சாக உருண்டு திரண்டது. யார் காடு போனாலும், நின்ற காட்டிலிருந்து அவருக்குக் குச்சி. கேட்டுப் பெற வேண்டியதில்லை, போய் வெட்டிக்கொள்ளலாம். சரி, மாரக்காளின் காட்டுக்காரருக்கு யார் சொல்வது என்று கேள்வி வந்தது. "அவன் எனக்குச் சகலை" என்றார் சின்னண்ணன் முறைப்பாக. "நான் சொல்றேன். ஞாயித்துக்கெழமை மூக்கைத் தூக்கிட்டு வராதேன்னு சொல்றேன். ஆனா நான் அடிப்பேன். அடிக்கறதுக்கு மொதநாள் வந்து சொல்லிட்டு அடிப்பேன். திருட்டுத்தனமா அடிக்க மாட்டேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

"மேடம், இதையே ஒரு வரியாக் கட்டிச் சுவத்துல..." என்று மோகன்குமார் ஆரம்பித்தார்.

"சித்தே பொறுங்க சார்" என்றார் சின்னண்ணன். "சுவரு எங்கயும் ஓடிப்போயிராது."

டப்பாக்கள் வந்தன. சின்னண்ணன் காட்டைத் தவிர மற்ற காடுகளில் காலை வேளையில் திறந்துவிட்டார்கள். அதன்பிறகு சண்முகப்பிரியாவுக்கு விடிவதே ஒரு தண்டனையாக இருந்தது. கண் விழித்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். மருந்து அடிக்கிற மிஷின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள். யார் வீட்டு மோட்டார் ஓடினாலும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். கந்தவேல் வடக்கேயிருந்து போனில், "நான் இல்லாதப்ப என்ன ஆச்சு?" என்று காட்டைத்தான் முதலில் கேட்டான். ஒரு ஞாயிறு வந்தது. ரோட்டில் மாரக்காளின் காட்டுக்காரர் வண்டி நிற்கவில்லை. மழையும் வரவில்லை. கொழுந்துகளில் வெள்ளை குறைகிறதா, கூடுகிறதா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் குறைந்தது போல இருக்கும், மறுநாள் கண் பொய் சொன்னது போல இருக்கும்.

அப்படி ஒரு காலையில் சின்னண்ணன் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"நாளைக்கு அடிக்கறேன் அம்மிணி. சொல்றேன்னேன், சொல்லிட்டேன்."

"செரிங்க மாமா" என்றாள். "ஒருக்கா வந்து காட்டைப் பாக்கலாமுங்களா?"

"பாரேன். காடு என்ன தாப்பாளா போட்டிருக்குது?"

அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் வழியில் ஆண்டி சேர்ந்துகொண்டார். சித்ரா சேர்ந்துகொண்டாள். களைக்கொத்தோடு போய்க்கொண்டிருந்த மாரக்காள் என்னவென்று கேட்டு, கூடவே வந்தாள். சின்னண்ணன் காட்டு நடுவில் எல்லாரும் நின்றார்கள். வேலியோரம் மருந்து டிரம்மும் மிஷினும் தயாராக இருந்தன. செடிகள் மோசமாகத்தான் இருந்தன. சண்முகப்பிரியா ஒரு கொழுந்தை வளைத்துப் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவே சில பூச்சிகள் பழுப்பாக உப்பிக் காய்ந்திருந்தன. பக்கத்துக் காடுகளில் விட்ட குளவி இங்கேயும் வந்திருக்கலாம். வெயிலில் காய்ந்ததாகவும் இருக்கலாம். அவள் அதை எல்லாருக்கும் காட்டினாள். குளவிதான் என்று சொல்ல நாக்கு எழுந்தது. தெரியாததைச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலைங்க மாமா" என்றாள். "அதுவாவும் இருக்கலாம்."

யாரும் அடிக்காதே என்று சொல்லவில்லை. நின்றார்கள். சின்னண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது கெஞ்சினால் கோபித்துக்கொண்டு அடித்துவிடலாம் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தார். கடைசியில் மாரக்காளிடம் திரும்பினார்.

"நீ என்ன சொல்றே?"

மாரக்காள் களைக்கொத்தைத் தரையில் ஊன்றினாள். "நான் என்னத்தைங்க சொல்றது. நீங்க அடிச்சா என்ற காட்டுக் குளவி சாகும். அடிக்காட்டி உங்க செடி போனாலும் போகும். எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதுங்க." தன் காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "செடி போச்சுன்னா என்ற காட்டுல வந்து குச்சி வெட்டிக்குங்க. எனக்குப் போக மிச்சம் இருக்கும்."

அந்தக் காட்டில் சின்னண்ணனிடம் கூலி வாங்கியவள் அவள். மலைப்பக்கமிருந்து காற்று வந்து இலைகளைப் புரட்டிவிட்டுப் போனது. அவர் ஒரு செடியின் அடித்தண்டைப் பிடித்து, கணு கணுவாக விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். சண்முகப்பிரியா, எப்போதும் போல ஏதாவது சொல்லி இந்த மௌனத்தை உடைத்துவிடத் துடித்த வாயை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"உன்ற காட்டுல என்ன ரகம்?" என்று கேட்டார் சின்னண்ணன், மாரக்காளைப் பார்க்காமலே.

"முள்ளுவாடிங்க."

"முள்ளுவாடி என்ற மண்ணுக்குச் செரிப்படாது. எனக்கு வெள்ளைத் தாய்லாந்துதான் ஆகும்."

"அது எங்கிட்ட இருக்குது" என்றார் ஆண்டி. "ஆனா நீ வெட்டறப்ப நான் பக்கத்துல நிப்பேன். உன்ற கை நீளம்."

"உன்ற குச்சி மட்டும் நல்லா இருக்கட்டும், அப்பறம் பாரு" என்றார் சின்னண்ணன். மருந்து டிரம்மையும் மிஷினையும் வேலியோரத்திலேயே விட்டுவிட்டு இருவரும் பேசிக்கொண்டே, ஆண்டியின் காட்டுப் பக்கமாக வரப்பில் ஏறி, குச்சியைப் பார்க்க நடக்கத் தொடங்கினார்கள்.